கண்ணளவு மூன்று

காற்று வடகிழக்கிலிருந்து பதினான்கு நாட் வேகம். அலை ஒன்றேகால் மீட்டர். துறைத் தண்ணீர் ஐந்து டிகிரி. அழுத்தம் இறங்குமுகம். கண்ணளவு மூன்று.

குளிர்காலத்தில் தினமும் காலை ஏழரை மணிக்கு அந்தத் துறைமுகத்தின் ரேடியோவில் இந்த ஐந்து வரிகள் வரும். வாசிப்பவளின் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ஊரே அவளை 'வானிலை' என்றுதான் கூப்பிடும். அவள் கடைக்குள் நுழைந்தால் போதும், "வானிலை வந்தாச்சு, குடையை எடுங்கப்பா" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விட்டதில்லை. பதினோரு வருஷமாக அதே நகைச்சுவை. சொல்பவர்களுக்கு மட்டும் அது தினமும் புதிதாக இருந்தது.

முதல் நான்கு வரிகளுக்குப் பெரிய பாடு ஒன்றும் இல்லை. காற்றுக்கும் அழுத்தத்துக்கும் அறைச் சுவரிலேயே கருவி இருந்தது. அலைக்கணக்கு வெளிக்கடலில் மிதக்கும் கருவியிலிருந்து தானாக வந்து விழும். தண்ணீருக்கு, வருகிற வழியில் துறையோரம் நின்று கயிறு கட்டிய வாளியை இறக்கி, மொண்டு, வெப்பமானியை முக்கிப் பார்த்தால் தீர்ந்தது. ஐந்தாவது வரிதான் உயிரை வாங்கும். கட்டடத்துக்கு வெளியே ஒட்டவைத்த இரும்புப் படிகள் ஐம்பத்திரண்டு. அவற்றில் ஏறி, மொட்டை மாடிக்குப் போய், கடலைப் பார்த்து எண்ண வேண்டும். தடுப்புச் சுவரின் முனையில் நிற்கும் விளக்குக் கம்பம், அது ஒன்று. அதற்கப்பால் மஞ்சள் மிதவை, அது இரண்டு. கடைசியாக, தொலைவில் இரட்டைப் பாறை, அது மூன்று. மூன்றும் தெரிந்தால் படகுகள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இரண்டு தெரிந்தால் மிதவையைத் தாண்டக் கூடாது. ஒன்று என்றாலோ, ஒன்றுமே தெரியாத சுழி என்றாலோ கட்டின கயிறு கட்டினபடி கிடக்கும்.

துறையின் தடுப்புச் சுவர் இரண்டு ஆள் உயரம். படகில் நிற்பவனுக்குச் சுவர்தான் தெரியும், கடல் தெரியாது. பன்னிரண்டு படகுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடிக் கண்தான் இருந்தது, அது அவளுடையது. அந்தக் கண்ணை நம்பித்தான் ஒவ்வொரு நாளும் முப்பது பேர் கயிற்றை அவிழ்த்தார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் அவள் ஏறவில்லை.

காய்ச்சல், தலைவலி என்று ஒரு சாக்குக்கூடக் கிடையாது. படியில் உறைபனி படிந்திருந்தது, ஹீட்டர் பக்கத்தில் சுகமாக இருந்தது, அவ்வளவுதான். முந்தின நாள் மூன்று, அதற்கு முந்தின நாளும் மூன்று. ஒரு நாள் ஏறாவிட்டால் குடிமுழுகிப் போய்விடாது என்று நினைத்தாள். 'கண்ணளவு மூன்று' என்று வாசித்தாள். படகுகள் போயின. அரை மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. மிதவைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் தட்டுத் தடுமாறித் திரும்பினார்கள். ஒன்பதாம் எண் படகு மட்டும் இரட்டைப் பாறைப் பக்கம் போயிருந்தது. அதில் இருந்தவர் ஒரே ஆள், அவளுடைய அக்காவின் கணவர். படகும் கிடைக்கவில்லை, மாமாவும் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, 'மூடுபனி எதிர்பாராமல் சூழ்ந்தது' என்று எழுதிக்கொண்டு போனார். அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க பாத்தப்ப மூணும் தெரிஞ்சுதா?" அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு ஒரு வருஷமாக அவளுக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. ஏறியிருந்தால் மூன்றும் தெரிந்தேகூட இருக்கலாம். அப்போது அவள்மேல் ஒரு பழியும் இல்லை. ஏறாததால் அது இன்றுவரை அவளுக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை.

அக்காவைத் தனியாக விடக் கூடாது என்று அவள் அக்கா வீட்டுக்கே குடிவந்தாள். பார்த்தவர்கள் எல்லாம், தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அக்கா தையல்காரி. கடலுக்குப் போகிறவர்களின் மழைக்கோட்டுகளுக்குக் கிழிசல் தைத்துக் கொடுப்பவள். இந்தக் குளிர்காலம் தொடங்கும்போது, தங்கைக்கென்று இரட்டை உள்துணி வைத்து ஒரு கோட்டு தைத்தாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"அந்தக் காத்துல, அத்தனை படி ஏறி எறங்கறவ. போட்டுக்கோ, பேசாத."

அவள் போட்டுக்கொண்டாள். குளிருக்கு அது நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவளுக்குத்தான் வேர்த்தது. தான் அன்று ஏறாதது அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற ஒரே பயம்தான் அவளுக்கு. ஊர் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம், வேலை போனால் வேறு பார்க்கலாம். அக்கா ஒரு நாள் தன் முகத்தைப் பார்த்து, 'நீயா?' என்று கேட்டுவிட்டால் அதைத் தாங்க அவளுக்குத் தெம்பு கிடையாது.

துறையில் ஒரு பழக்கம் இருந்தது. அறிக்கை வாசித்து முடித்ததும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு படகும், கேட்டாயிற்று என்று பதில் சொல்ல வேண்டும். காணாமல் போன படகின் எண்ணையும் ஒரு வருஷத்துக்கு விடாமல் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு, மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போவார்கள். அந்த ஒரு வருஷம் முடிந்த பிறகுதான் எண்ணை வேறு படகுக்குக் கொடுப்பார்கள். அவளும் தினமும் "ஒன்பது" என்றாள், மூன்று எண்ணினாள், "பத்து" என்றாள். வீட்டுச் சமையலறையில் மாமா விட்டுப்போன ரேடியோப் பெட்டி முன்னால் அக்கா அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். மாமா இருந்தவரை, "ஒன்பது, இன்னும் உசுரோடதான் இருக்கேன்" என்றுதான் பதில் சொல்வார். அதற்கு மற்ற படகுகளெல்லாம் சிரிக்கும்.

இந்த வருஷம், மூடுபனிக் காலம் தொடங்கிய முதல் வாரம். அவள் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் ஒரு நாளும் ஏறாமல் இருந்ததில்லை, சில நாள் இரண்டு தடவைகூட ஏறினாள். மூன்றையும் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்து, மூன்று என்றே வாசித்தாள். ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் பதில் வந்தது. எட்டு முடிந்தது.

"ஒன்பது" என்றாள். மனதுக்குள் ஒன்று எண்ணினாள், இரண்டு எண்ணினாள்.

"ஒன்பது. கண்ணளவு ரெண்டு."

குரலில் சிரிப்பு இல்லை, அவசரமும் இல்லை. நீண்ட நேரம் ஈரத்தில் நின்றவன் பேசுகிற குரல். மூன்றாவதை எண்ணாமலே 'பத்து' என்று எப்படியோ சொன்னாள். பத்தாம் எண் படகுக்காரர் தொண்டையைச் செருமிவிட்டு, சற்றுத் தாமதமாகத்தான் பதில் சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் அவள் மறுபடி படியேறினாள். விளக்குக் கம்பம் தெரிந்தது. மஞ்சள் மிதவை தெரிந்தது. கால் மணி நேரத்துக்கு முன் தன் கண்ணால் பார்த்த இரட்டைப் பாறை இருந்த இடத்தில் வெளேரென்று ஒன்றுமில்லாமல் கிடந்தது. ஓடி இறங்கி, படகுகளை மிதவைக்கு இப்புறமே நிறுத்தினாள். அன்று மத்தியானம் நாலாம் எண் படகுக்காரர், யாரையும் புகழ்ந்து பழக்கமில்லாதவர், அறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்குறம்மா நீ" என்றார். அவள் பதிலுக்குச் சிரித்து வைத்தாள்.

மறுநாளும் ஒன்பது பேசியது. அதற்கு மறுநாளும் பேசியது. எப்போதும் அதே இரண்டு வார்த்தைதான். எண்ணைச் சொல்லும், கண்ணளவைச் சொல்லும், அதோடு சரி. உசுரோட இருக்கேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதைச் சொல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

முன்பெல்லாம் அழைப்பு முடிந்ததும் மாமா ஏழாம் சேனலுக்கு மாறி, அவளோடு இரண்டு நிமிஷம் வம்பளப்பார். "என்ன கொழுந்தியா, ஹீட்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்கியா?" என்பார். உங்கக்காவிடம் சொல்லு, மத்தியானம் சாப்பிட வந்துவிடுவேன் என்பார். அவள் இப்போது ஏழாம் சேனலுக்குப் போய்க் காத்திருந்து பார்த்தாள். "மாமா" என்று மெல்லக் கூப்பிட்டும் பார்த்தாள். கரகரவென்ற இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

இது தனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாம் எண் படகுக்காரரைக் கடையில் பிடித்தாள்.

"ரேடியோ எல்லாம் தெளிவா கேக்குதாண்ணே?"

"கேக்குது, கேக்குது." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போய்விட்டார்.

ரேடியோவில் எப்போதும் கத்திப் பேசுகிற நாலாம் எண்காரர் அதை நிறுத்தியிருந்தார். காலையில் வேறு யாரும் கேலி பேசுவதுமில்லை. வானிலை வந்தால் குடையை எடுக்கச் சொல்கிற ஆள்கூட, அவள் கடைக்குள் நுழைந்தால் கணக்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். குளிர் அதிகம், எல்லோருக்கும் மந்தம் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டில் அக்கா எப்போதும் போலத்தான் இருந்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "தண்ணி இன்னைக்கு நாலு டிகிரியாமே" என்பாள். அதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டாள். அக்காவுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதிதான்.

மூன்று வாரம் அவள் ஒவ்வொரு நாளும் மாடிக்குப் போய்ச் சரிபார்த்தாள். ஒரு நாளும் ஒன்பது தவறவில்லை. ஒன்பது இரண்டு என்றால் கடலும் இரண்டு என்றது. ஒரு முறை ஒன்று என்றபோது அவள் சந்தேகப்பட்டு ஏறினாள். மிதவை கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தது. கருவி தவறலாம், கண் தவறலாம், அந்தக் குரல் தவறாது என்றாகிவிட்டது.

இங்கேதான் மனுஷ ஜென்மத்தின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பேய்க்குப் பயப்படுகிறவர்கள் எத்தனை நாளைக்குப் பயப்படுவார்கள்? தினமும் சரியான நேரத்துக்கு வந்து, சரியான தகவலைச் சொல்லிவிட்டு, மரியாதையாகப் போய்விடுகிற ஒன்றுக்கு எவ்வளவு நாள்தான் நடுங்கிக்கொண்டிருக்க முடியும்? நாலாவது வாரம் படியில் மறுபடி உறைபனி. அவள் வாசல் வரை போனாள், முதல் படியில் கால் வைத்தாள், வழுக்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். யோசித்தாள். அறிக்கை முதலில், அழைப்பு பிறகு என்பது காலங்காலமான வரிசை. அதை மாற்றினால் என்ன? முதலில் எல்லோரையும் கூப்பிட்டு யார் யார் தயார் என்று பார்த்துக்கொண்டு, பிறகு அறிக்கையை வாசித்தால் படகுகளுக்கும் வசதிதானே? ரேடியோவில் அப்படித்தான் சொன்னாள், வசதிக்காக என்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒன்பது சொல்வதை எழுதிக்கொண்டு, அப்படியே வாசித்தாள். அக்கா தைத்த கோட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள், திரும்ப வீட்டுக்குக் கிளம்பும்போது எடுத்தாள். ஐம்பத்திரண்டு படியும் சீந்துவாரற்றுக் கிடந்தன. போன வருஷம் மூடியது போதாதென்று, துறைக்கு இருந்த அந்த ஒரு ஜோடிக் கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டாள் அந்தப் பெண். அவளைத் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் மாமாவே வந்து வழிகாட்டுகிறார், மன்னித்துவிட்டார் என்று அவள் உள்ளுக்குள் நம்பத் தொடங்கியிருந்தாள். மன்னிப்பு கிடைத்த நிம்மதியில் சில நாள் தூங்கவும் செய்தாள்.

அந்த நாள் வந்தது. சரியாக ஒரு வருஷம். அக்கா அதிகாலையிலேயே எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது அக்கா அவளுடைய கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுவிட்டாள்.

ஒரு வாரமாகக் கண்ணளவு ஒன்றும் சுழியுமாக இருந்து, படகுகள் கட்டிக் கிடந்தன. இன்றைக்காவது போக மாட்டோமா என்று எல்லோரும் துடித்துக்கொண்டிருந்தார்கள். துறைக்குள் அன்று பளிச்சென்றுதான் இருந்தது. தண்ணீர் மூன்று டிகிரி. காற்றே இல்லை. அவள் அழைப்பைத் தொடங்கினாள்.

"ஒன்பது."

"ஒன்பது. கண்ணளவு மூணு."

அவள் எழுதிக்கொண்டாள். பன்னிரண்டு வரை கூப்பிட்டு முடித்து, அறிக்கையை வாசித்தாள். காற்று இல்லை. அலை அரை மீட்டர். துறைத் தண்ணீர் மூன்று டிகிரி. அழுத்தம் மாற்றமில்லை. கண்ணளவு மூன்று. கீழே துறையில் ஒரே கூச்சல், சிரிப்பு. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. அவள் பேனாவை மூடினாள். கைகளை ஹீட்டர் பக்கம் நீட்டினாள்.

யாரும் கூப்பிடவில்லை. அழைப்பு முடிந்து போயிருந்தது. ஆனாலும் ரேடியோ பேசியது.

"மூணா?" என்றது. இந்த முறை அது மாமாவின் சொந்தக் குரல், பழைய குரல், வம்பளக்கிற குரல். "நீ போய்ப் பாத்தியா, கொழுந்தியா?"

அவள் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது மல்லாந்து விழுந்தது. கோட்டை எடுக்கக்கூட நிற்காமல் ஓடினாள். படியில் இரண்டு முறை விழுந்தாள். முழங்கால் கிழிந்ததை அப்போது அவள் உணரவே இல்லை. உச்சிக்குப் போய்க் கடலைப் பார்த்தாள்.

கடல் இல்லை. பாறை இல்லை, மிதவை இல்லை, விளக்குக் கம்பமும் இல்லை. தடுப்புச் சுவரை ஒட்டி, சுவரைவிடப் பத்து மடங்கு உயரத்துக்கு, கீழிருந்து பார்ப்பவனுக்கு வெளுத்த வானம்போலத் தோன்றும்படி, வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் வெயில். துறைவாயை நோக்கிப் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முதலில் நாலாம் எண் போனது.

அன்று மாமாவுக்குத் தான் என்ன சொன்னோமோ, அதையே மாமா இன்று தனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்கு இறங்கும்போது விளங்கியது.

"எல்லாப் படகும் திரும்புங்க. கண்ணளவு சுழி. திரும்புங்க!"

நாலாம் எண்காரர் சேனலில் வந்தார். "என்னம்மா வானிலை, வெளையாடுறியா? இப்பத்தானே மூணுன்ன?"

"தப்பு. சுழி. சுவருக்கு அந்தப் பக்கமே நிக்குது."

"நீ பாத்தப்ப மூணு. அதுக்குள்ள வந்துட்டுதுன்னா லேசாத்தான் இருக்கும். நாங்க சமாளிச்சுக்கறோம். ஒரு வாரமா சும்மா கெடக்கோம்."

"பின்னால நாங்களும் வர்றோம்" என்றது ஏழாம் எண் படகு.

அவள் மறுபடி மைக்கை எடுத்தாள். இதற்கு மேல் என்ன சொன்னால் அவர்கள் திரும்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒன்றைத்தான் ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். சமையலறையில் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அக்கா அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சொல்லாமல் விட்டால் முப்பது பேரும் அந்த வெள்ளைக்குள் போய்விடுவார்கள். சொன்னால் அக்கா போய்விடுவாள்.

"நான் பாத்தப்ப மூணு இல்ல" என்றாள். "நான் பாக்கவே இல்ல."

"என்ன சொல்ற?"

"மாடிக்கே போகல. பாக்காமத்தான் வாசிச்சேன்."

"பாக்காம யாராவது சொல்லுவாங்களாம்மா?"

"நான் சொல்லுவேன்!" என்று கத்தினாள். "போன வருஷமும் பாக்கல. இதே நாள். படியில பனி இருந்துச்சு, ஏறல. மூணுன்னு சும்மா சொன்னேன். அத நம்பித்தான் ஒன்பது போச்சு. அதிகாரிகிட்டயும் பொய் சொன்னேன். எல்லாரும் தயவுசெஞ்சு திரும்புங்க."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"நாலு திரும்புது" என்றார் நாலாம் எண்காரர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பின்னாலேயே மற்றவர்களும் எண்ணை மட்டும் சொல்லித் திரும்பினார்கள். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பதினொன்று வந்து சேர்ந்தன. சற்று நேரத்தில் அந்த வெள்ளை சுவரைத் தாண்டித் துறைக்குள்ளேயே இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு அறையைச் சூழ்ந்தது.

யாரும் அறைக்கு வரவில்லை. கீழே கயிறு கட்டுகிற சத்தம், காலடிச் சத்தம், பிறகு அதுவும் ஓய்ந்தது. அவள் கைக்குட்டையால் முழங்காலைக் கட்டினாள். கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். உட்காரத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. அக்கா நின்றாள். தலைமுடியெல்லாம் பனித்துளி. கோட்டு போடாமல், வீட்டுச் செருப்போடு, அந்த மூடுபனியில் சுவரைத் தடவித் தடவி வந்திருக்கிறாள். உள்ளே வந்து ஹீட்டர் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"அன்னைக்கு நீ பாக்கல" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"பாத்திருந்தா?"

"தெரியலக்கா. மூணும் தெரிஞ்சிருக்கலாம். தெரியாமயும் இருந்திருக்கலாம். பாக்கலையே."

அக்கா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அதிலிருந்து தண்ணீர் வடிந்து தரையில் கோடாக ஓடியது.

"ஒண்ணரை மாசமா நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

தங்கைக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மொத நாள் பேசினப்போ அடுப்புல இருந்தது கருகிப் போச்சு. எறக்கி வைக்கணும்னுகூடத் தோணல. உன்கிட்ட கேக்கலாம்னு எத்தனையோ தரம் வாயெடுத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையேன்னு நீ சொல்லிட்டா, நான் என்ன பண்ணுவேன்? அதான் விட்டுட்டேன். அவர் சொல்றதத்தான் நீ வாசிக்கிறேன்னும் தெரியும்."

"அக்கா..."

"பேசாத. நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு." அக்காவின் குரல் இறங்கிப் போனது. "அந்தச் சேனல்ல தினமும் ரெண்டே வார்த்தைதான் பேசினாரு. அது எனக்குத் தெரியும். இன்னைக்கும் உன்னைத்தான் கூப்பிட்டாரு. ஆனா முன்னாடியெல்லாம் அழைப்பு முடிஞ்சதும் ஏழாம் சேனலுக்கு வந்து உன்கிட்ட பேசுவாருல்ல? என் பெட்டியில ஏழு வராது. அதுல வந்தாரா? என்னைப் பத்தி எதாவது கேட்டாரா? சாப்பிட்டாளா, இருக்காளா, அந்த மாதிரி எதாவது?"

ஆமாக்கா, கேட்டார். எவ்வளவு சுலபம். யாரும் மாடிக்குப் போய்ச் சரிபார்க்க முடியாது. அக்காவின் முகம் அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நோக்கித் திறந்திருந்தது. அவள் நாக்கு நுனிவரை அது வந்தேவிட்டது. ஏழாம் சேனலில் எத்தனை காலை காத்திருந்தோம், என்ன கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள். "தினமும் போய்ப் பாத்தேன். ஏழுல அவர் வரவே இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டியவள், நிறுத்தாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்துதான் குரல் வந்தது.

"இதுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதாடி நீ?"